முதுமை தீட்டும் கலை

புதுமை கண்டு மகிழ்வது மக்கட்கு இயல்பு. புத்தாடை, புதுமனை, புதுக்கலம் என எதனைப் புதிதாகப் பெற்றாலும் உள்ளம் பூரிக்கின்றது. அதன்மேல் ஒரு கீறல் விழுந்தாலும், ஒரு கறை படிந்தாலும் மனம் வருந்துகின்றது. இவ்வியல்புக்கு முற்றிலும் மாறாக, புத்தம் புதிய பொருள் ஒன்றை விலைகொடுத்து வாங்கி வந்து, அதன்மேல் தம் கையாலேயே துருவையும் தூசியையும் எண்ணெய்க் கறையையும் ஏற்றி, பல்லாண்டு உழைத்துத் தேய்ந்த பொருள்போல் ஆக்கி மகிழ்வாரும் உலகில் உளர். அவர்கள் பொருளின் அருமை அறியாதார் அல்லர். சிற்றுருவப் புகைவண்டிகளை அமைக்கும் கைவினைஞர்களே ஆவர். அவர்கள் ஏன் அவ்வாறு செய்கின்றனர்? எவ்வாறு செய்கின்றனர்? அதனால் விளையும் பயன் யாது? இம்மூன்றும் ஆராய்ந்து அறியத்தக்கன.

இங்கிலாந்து நாட்டின் லிவர்ப்பூல் நகரினரான பிராங்க் ஹார்ன்பி என்பவர், துளையிட்ட உலோகத் தகடுகளைத் திருகாணிகளால் இணைத்து விளையாடும் கருவித் தொகுதி ஒன்றுக்கு 1901-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ‘மெக்கானோ’ என்னும் பெயரால் அது பின்னர்ப் புகழ்பெற்றது. அவருடைய தொழிலகத்திலிருந்தே 1920-ஆம் ஆண்டில் தகரத்தால் ஆகிய விளையாட்டுப் புகைவண்டிகள் வெளிவந்தன. 1938-ஆம் ஆண்டில், அவற்றினும் சிறியனவாகிய ‘ஹார்ன்பி டப்ளோ’ வண்டிகள் தோன்றின. சிறுவரின் விளையாட்டாகத் தொடங்கிய இது, நாளடைவில் முதியோரும் ஈடுபட்டுப் பயிலும் நுண்கலையாக வளர்ந்தது.

இக்கலைக்கு அளவே அடிப்படை. பிரிட்டனில் பெருவழக்காக உள்ள முறைப்படி, உண்மை வண்டியின் ஓர் அடி நீளம், சிற்றுருவத்தில் நான்கு மில்லிமீட்டராகக் குறைக்கப்படும். ஓர் அடிக்கு 304.8 மில்லிமீட்டர் ஆதலின், சிற்றுருவம் உண்மைப் பொருளில் ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு ஆகும். பதினாறரை அடி நீளமுள்ள சட்டத்தைக் கொண்ட நிலக்கரிப் பெட்டி, 66 மில்லிமீட்டர் நீளத்தில் அடங்கிவிடும். அஃதாவது, உள்ளங்கையில் அமர்ந்துவிடும். இவ்வளவில் மற்றோர் உண்மையும் உண்டு. அச்சிற்றுருவத்தை ஒருவர் ஓர் அடித் தொலைவிலிருந்து நோக்கினால், உண்மை வண்டியை 76 அடித் தொலைவிலிருந்து நோக்குவதற்கு அது சமம். இதனை மறவாதிருத்தல் வேண்டும். வண்ணம் தீட்டுவோர்க்கு இது பின்னர்ப் பெரிதும் பயன்படும்.

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் சிற்றுருவப் பெட்டி, வடிவில் குறையற்றதாகவே இருக்கும். பலகையின் இணைப்பும், தகட்டைப் பிணைக்கும் தறையாணியும், கதவின் கீலும் அதில் தெளிவாகத் தெரியும். ஆயினும் கண்டவுடன், ‘இது விளையாட்டுப் பொருள்’ என்று கண் சொல்லிவிடுகின்றது. அதற்குக் காரணம் ஒளியே. வழவழப்பான பரப்பின்மேல் படும் ஒளி ஒரே திசையில் திரும்புகின்றது. அதனால் பளபளப்பு உண்டாகின்றது. சொரசொரப்பான பரப்பின்மேல் படும் ஒளி பல திசைகளிலும் சிதறுகின்றது. அதனால் பரப்பு மங்கலாகத் தோன்றுகின்றது. மழையிலும் வெயிலிலும் தூசியிலும் உழன்ற உண்மைப் பெட்டி மங்கலானது. பிளாஸ்டிக்கினால் வார்க்கப்பட்ட சிற்றுருவமோ பளபளப்பது. வடிவம் உண்மை பேசினும், ஒளி அதனை மறுத்துவிடுகின்றது.

மங்கலாக்கினால் மட்டும் போதுமோ? போதாது. உண்மைப் பெட்டி எவ்வாறு முதுமை அடைந்தது என்பதனை அறிந்தாலன்றிச் சிற்றுருவத்திற்கு முதுமை தருதல் இயலாது. அதற்குப் பிரிட்டனின் நிலக்கரிப் பெட்டியையே சான்றாகக் கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அந்நாட்டின் நிலக்கரிச் சுரங்க உரிமையாளரும் நிலக்கரி வணிகரும் தமக்கெனச் சொந்தமாக மரப்பெட்டிகளை வைத்திருந்தனர். தம் பெயரைப் பெட்டியின் பக்கங்களில் பெரிய எழுத்துக்களால் பலநிறத்தில் எழுதுவித்தனர். 1939-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, அரசாங்கம் அப்பெட்டிகளைப் பொதுப்பயனுக்கு எடுத்துக்கொண்டது. போர்க்காலத்தில் வண்ணம் தீட்ட ஆளும் இல்லை, பொருளும் இல்லை. உடைந்த பலகைக்கு மாற்றாகப் புதுப்பலகை பொருத்தினர். ஆனால் அதற்கு வண்ணம் பூசவில்லை. ஆகவே வணிகர் பெயரின் நடுவே ஒரு பலகையின் அகலத்திற்கு எழுத்துக்கள் அறுபட்டு மறைந்தன. 1948-ஆம் ஆண்டு இருப்புப்பாதைகள் நாட்டுடைமையான காலத்தில், மங்கிய பெயர்களோடும் வெறும் பலகைகளோடும் அப்பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அவற்றின் இடத்தைப் பின்னர் இரும்பாலான பதினாறு டன் பெட்டிகள் பெற்றன. சாம்பல் நிறம் பூசப்பெற்ற அப்பெட்டிகளின் பக்கத்தில் வெள்ளைக் கோடு ஒன்று சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். பெட்டியின் எந்த முனையில் திறக்கும் கதவு உள்ளது என்பதனை நிலக்கரி கொட்டும் தொழிலாளர்க்கு அது உணர்த்தும். இவ்வாறு பெட்டியின்மேல் உள்ள ஒவ்வொரு குறிக்கும் ஒரு பொருள் உண்டு. அதுபோலவே ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு.

அக்காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்க. இரும்பு, நீரோடும் காற்றிலுள்ள உயிர்வாயுவோடும் கூடித் துருவாகின்றது. வண்ணம் பெயர்ந்த இடத்திலே, தகடுகள் பொருந்தும் விளிம்பிலே, நீர் தேங்கும் மூலையிலே துரு முதலில் தோன்றும். புதுத்துரு செம்மஞ்சள் நிறமுடையது. முதிர்ந்த துரு கரும்பழுப்பு நிறமுடையது. மழைநீர் அத்துருவைக் கரைத்துக்கொண்டு கீழ்நோக்கி வடிகின்றது. ஆகவே துருக்கோடுகள் என்றும் மேலிருந்து கீழே இறங்குமேயன்றி, பக்கவாட்டில் ஓடுவதில்லை. பெட்டியின் உட்புறமோ வேறு வகையானது. அங்கே நிலக்கரி ஒவ்வொரு முறை கொட்டப்படும்போதும் தகட்டைத் தேய்ப்பதால், வண்ணம் விரைவில் அழிந்து, துருவும் கரித்தூளும் கலந்த நிறமே எஞ்சும்.

மரத்தின் முதுமை இரும்பின் முதுமைபோன்றது அன்று. வெயிலிலுள்ள புற ஊதாக்கதிர், மரத்திற்குப் பழுப்பு நிறம் தரும் ‘லிக்னின்’ என்னும் பொருளைச் சிதைக்கின்றது. சிதைந்ததை மழை கழுவிச் செல்கின்றது. வெளிறிய நார்களே மேற்பரப்பில் எஞ்சுகின்றன. அதனால் வண்ணமற்ற பலகை, நாளடைவில் வெள்ளிபோன்ற சாம்பல் நிறம் பெறுகின்றது. பழைய மரத்தைப் பழுப்பு நிறத்தால் தீட்டுவது பழகாதார் செய்யும் பிழையாகும்.

பெட்டியின் அடிச்சட்டத்தில் பொன்பழுப்பான தூசி படர்ந்திருக்கும். சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் வார்ப்பிரும்புக் கட்டைகள் தேய்ந்து, இரும்புத்தூளாகப் பறந்து, படிந்த இடத்திலேயே துருப்பிடிப்பதால் அந்நிறம் உண்டாகின்றது. சக்கரத்தின் அச்சு சுழலும் இடத்தில் எண்ணெய் கசிந்து, தூசியைப் பற்றிக் கருமையாகப் பளபளக்கும். தண்டவாளத்தின்மேல் உருளும் சக்கர விளிம்போ என்றும் தேய்ந்து தேய்ந்து வெள்ளிபோல் மின்னும். ஒரே பெட்டியில் மங்கலும் மினுக்கும் தத்தம் இடத்தில் உள்ளன என்பது இதனால் விளங்கும். ஏற்றும் சரக்குக்கு ஏற்பவும் கறை மாறும். கார்ன்வால் பகுதியில் வெண்களிமண் ஏற்றிய பெட்டிகள் வெண்தூசி போர்த்திருந்தன. எண்ணெய் ஏற்றும் உருளைப் பெட்டிகளில், மேலுள்ள வாயிலிருந்து வழிந்த எண்ணெய் இருபுறமும் கருங்கோடாக இறங்கியிருக்கும்.

காரணம் அறிந்த பின்னரே கைவினை தொடங்கும். கைவினைஞர் முதலில் உண்மைப் பெட்டியின் நிழற்படம் ஒன்றைத் தேடி எடுத்துக் கண்முன் வைத்துக்கொள்வர். கற்பனையை மட்டும் நம்பித் தீட்டும் கை, கறைகளை ஒரே சீராகப் பரப்பிவிடும். இயற்கையோ அவ்வாறு செய்வதில்லை. பின்னர்ச் சிற்றுருவத்தைச் சோப்பு நீரில் மெல்லக் கழுவி, விரலின் எண்ணெய்ப் பசை நீக்கி, நன்கு உலர வைப்பர்.

அடுத்து வருவது வியப்புக்குரிய செயல். மங்கலாக்க வேண்டிய பெட்டியின்மேல், முதலில் பளபளக்கும் வார்னிஷ் பூசப்படுகின்றது. நீரில் கரையும் அக்ரிலிக் வகை வார்னிஷை மெல்லிய ஒரு பூச்சாகப் பூசி, ஒருநாள் முழுதும் உலர விடுவர். இதனால் இரு நன்மைகள் உண்டு. ஒன்று, கீழேயுள்ள எழுத்துக்களும் நிறமும் காக்கப்படுகின்றன. மற்றொன்று, வழவழப்பான பரப்பின்மேல் நீர்த்த வண்ணம் தங்குதடையின்றி ஓடி, பள்ளங்களையும் இடுக்குகளையும் தானே நாடிச் செல்கின்றது. மேட்டில் தங்கியதைத் துடைத்தெடுத்தலும் எளிதாகின்றது.

பின்னர் நீர்த்த பூச்சு வருகின்றது. எனாமல் வகையைச் சேர்ந்த கரும்பழுப்பு வண்ணத்துடன் சிறிது கருமை சேர்த்து, ஒரு பங்குக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு ‘ஒயிட் ஸ்பிரிட்’ என்னும் கரைப்பானைக் கலந்து, அழுக்கு நீர் போலாகும்வரை நீர்க்கச் செய்வர். அதனைப் பெட்டியின் பக்கம் முழுதும் தூரிகையால் தடவுவர். சில நிமிடங்கள் பொறுத்து, பஞ்சு சுற்றிய குச்சியாலோ மென்துணியாலோ மேலிருந்து கீழாகத் துடைப்பர். மேட்டிலிருந்த வண்ணம் நீங்கும். இணைப்புகளிலும் தறையாணிகளின் அடியிலும் தேங்கியது எஞ்சும். துடைப்பின் தடம், மழை வடிந்த தடமாகவே காட்சியளிக்கும். அக்ரிலிக் வார்னிஷ் உலர்ந்தபின் ஒயிட் ஸ்பிரிட்டில் கரைவதில்லை. ஆகவே கீழ்ப்பூச்சுக்கு ஊறு நேர்வதில்லை. பிழை நேர்ந்தாலும், பூச்சு உலருமுன் முற்றிலும் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். ஒரு பூச்சைக் கரைக்கும் பொருள் மற்றொன்றைக் கரைக்காது என்னும் சிறிய வேதியியல் உண்மையே இக்கலை முழுமையையும் தாங்கி நிற்கின்றது.

அது நன்கு உலர்ந்தபின், துரு தீட்டப்படும். கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டின் நுனியைக் கரும்பழுப்பு வண்ணத்தில் தோய்த்து, தாளில் ஒற்றி, எஞ்சிய சிறிதளவைப் பெட்டியின் விளிம்புகளில் மெல்ல ஒற்றுவர். தூரிகையால் இடும் புள்ளிகள் ஒழுங்காக அமைந்துவிடும். ஸ்பாஞ்சின் புள்ளிகளோ ஒழுங்கற்றவை. ஆதலின் இயற்கையை ஒத்தவை. அப்புள்ளிகளுட் சிலவற்றின் நடுவில் மட்டும் செம்மஞ்சள் நிறத்தைச் சிறிது வைப்பர். அடிச்சட்டத்திற்குப் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தைப் பூசுவர். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பகுதியில் வண்ணம் படாமல் காத்தல் இன்றியமையாதது. சிற்றுருவ எஞ்சினுக்கு மின்னாற்றல் தண்டவாளத்தின் வழியே வருகின்றது. பெட்டியின் சக்கரத்திலுள்ள வண்ணம் தண்டவாளத்தில் ஒட்டினால், மின்னோட்டம் தடைப்பட்டு வண்டி நின்றுவிடும்.

இறுதியாக மங்கல் வார்னிஷ் பூசப்படும். அதனுள் ஒளியைச் சிதறச் செய்யும் நுண்பொடி கலந்திருக்கின்றது. அப்பொடி புட்டியின் அடியில் படிந்துவிடுவதால், நெடுநேரம் நன்கு கலக்கியே பயன்படுத்துதல் வேண்டும். கலக்காது பூசினால், மங்கல் வார்னிஷும் பளபளப்பாகவே உலரும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பூசினால், பால் படர்ந்ததுபோல் வெண்மை தோன்றக்கூடும். ஆகவே நாளும் அறிந்து பூசுதல் நன்று. முதலில் பூசிய வார்னிஷ் முதுமையை ஏற்பதற்கு. இறுதியில் பூசும் வார்னிஷ் அம்முதுமையை நிலைபெறச் செய்வதற்கு. அதன்பின் எண்ணெய் கசியும் இடத்தில் மட்டும் பளபளக்கும் வார்னிஷ் ஒரு துளி வைத்தால், அவ்வெண்ணெய் இன்றே கசிந்ததுபோல் தோன்றும். பெட்டியினுள் உண்மையான நிலக்கரியையே பொடித்து, பசையிட்டு நிரப்புவாரும் உளர்.

இவ்வேலையில் ஈடுபடுவோர் தம் உடல்நலத்தையும் காத்தல் வேண்டும். கரைப்பான்களின் ஆவி தீங்கு பயப்பது. எளிதில் தீப்பற்றவும் கூடியது. ஆதலின் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல், பெரியோர் துணையோடு செய்தல் வேண்டும். செல்லுலோஸ் வண்ணங்களுக்குரிய வலிய கரைப்பான்கள் சிற்றுருவத்தின் பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும் என்பதனையும் மறத்தல் ஆகாது.

தொழில்முறை இதுவே. ஆயினும் முறை அறிந்தார் எல்லோரும் வல்லுநர் ஆவதில்லை. எங்கே நிறுத்துவது என்பதனை அறிவதே இக்கலையின் அரிய பகுதி. துரு தீட்டக் கற்ற கை, எங்கும் துருவே தீட்ட விழையும். 76 அடித் தொலைவிலிருந்து நோக்குபவர்க்கு ஒவ்வொரு தறையாணியின் துருவும் தெரியுமோ? தெரியாது. தொலைவில் கருமை சாம்பலாகவும், வெண்மை மங்கலாகவும் தோன்றுமாதலால், தூய கருமையும் தூய வெண்மையும் தவிர்க்கப்படும். இருபது பெட்டிகள் கொண்ட வண்டித்தொடரில் ஒன்று அண்மையில் வண்ணம் பூசப்பெற்றதாகவும், ஒன்று பாதி தேய்ந்ததாகவும், ஒன்று முற்றிலும் துருவேறியதாகவும் இருத்தலே இயற்கை. எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவில் முதுமை எய்தியிருப்பின், அதுவும் ஒரு பொய்யே ஆகும்.

இத்துணை உழைப்பு எதற்காக என்னும் வினா எழலாம். அதற்குரிய விடை காலத்தின் போக்கில் உள்ளது. பிரிட்டனின் அரசு இருப்புப்பாதைகளில் நீராவி எஞ்சின்களின் பொதுப்பணி 1968-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தோடு முடிவுற்றது. அந்நாட்டின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமாகிய கெல்லிங்லி, 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. நிலக்கரியால் இயங்கிய கடைசி மின்நிலையம் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ஓய்ந்தது. நாடெங்கும் ஓடிய நிலக்கரிப் பெட்டிகளுட் பெரும்பாலன உடைக்கப்பட்டு, பழைய இரும்பாக உருக்கப்பட்டன. சில மட்டும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைத் துரு அரிக்காதிருக்கும் பொருட்டுத் தூய்மை செய்து, புதுவண்ணம் பூசி வைக்கின்றனர். காப்பவர் செய்யத்தக்கது அதுவே. ஆனால் அதனால் நேரும் விளைவு யாது? பெட்டி எஞ்சியது, அது உழைத்த காலத்துத் தோற்றம் எஞ்சவில்லை. அத்தோற்றத்தைக் காட்டும் பழைய நிழற்படங்களிலும் பல கருப்பு வெள்ளைப் படங்களே, நிறம் கூறமாட்டா. கண்ணால் கண்டவர்களின் நினைவும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. ஆகவே, நன்கு ஆராய்ந்து முதுமை தீட்டப்பெற்ற ஒரு சிற்றுருவம், அருங்காட்சியகத்தில் உள்ள உண்மைப் பெட்டியும் கூற இயலாத செய்தி ஒன்றைக் கூறுகின்றது.

இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்லண்டு என்பவரே அவர். ‘வெண்குதிரைப் பள்ளத்தாக்கு’ எனப்படும் நாட்டுப்புறப் பகுதியின் அழகில் அவர் உள்ளம் தோய்ந்தது. ஆயின் அங்கிருந்த பழைய கூரைவீடுகள் சிதைந்தும் மாற்றப்பட்டும் மறைவதனைக் கண்டு வருந்தினார். வருந்தியதோடு நில்லாது, வீடுகளை அளந்தும், நிறங்களைக் குறித்தும், அவற்றைச் சிற்றுருவமாக அமைக்கத் தொடங்கினார். அம்முயற்சியே லாங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூரில் 1954-ஆம் ஆண்டில் பெண்டன் அருங்காட்சியகமாக உருப்பெற்றது. ஜான் அஹெர்ன் என்பவர் 1930-களில் தொடங்கி, ஊரும் தெருவும் துறைமுகமும் சூழ அமைத்த சிற்றுருவ இருப்புப்பாதையும் இன்று அங்கேயே பேணப்படுகின்றது. வண்டியை மட்டுமன்றி, வண்டி வாழ்ந்த உலகையும் காட்டுதல் வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கமாயிற்று.

கறை என்பது இழிவான சொல்லாக வழங்குகின்றது. ஆனால் நிலக்கரிப் பெட்டியின் கறை, அது செய்த தொழிலின் அடையாளம். உட்புறத்துத் தேய்வு, பல நூறு முறை சுமை ஏற்றப்பட்டதைச் சொல்கின்றது. வண்ணமற்ற பலகை, போரினால் நாடு பட்ட வறுமையைச் சொல்கின்றது. சாய்ந்த வெள்ளைக் கோடு, சுமை இறக்கிய தொழிலாளரை நினைவூட்டுகின்றது. அவர்களுட் பெரும்பாலோர் பெயர் எந்நூலிலும் எழுதப்படவில்லை. அவர்கள் கைபட்ட தடம் மட்டுமே பெட்டியின்மேல் இருந்தது. அதனை ஒழித்துவிட்டுப் பளபளக்கும் பெட்டியை மட்டும் காட்டினால், அவர்தம் உழைப்பை மறைத்தவாறு ஆகும்.

ஆகவே, முதுமை தீட்டுவோர் புதுமையைப் பழிப்பவர் அல்லர். பொருள்களை உள்ளவாறு காணப் பழகியவர் ஆவர். துரு எங்கே தோன்றும், நீர் எவ்வழி வடியும், வெயில் எதனை வெளிறச் செய்யும் என்று ஆராயப் பழகிய கண், சிற்றுருவத்தோடு நிற்பதில்லை. தெருவில் நிற்கும் வண்டியும், வீட்டின் பழங்கதவும், கிணற்றின் தேய்ந்த கல்லும் அக்கண்ணுக்குத் தம் வரலாற்றைக் கூறத் தொடங்கும். உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டியின்மேல் சிறு தூரிகை கொண்டு பயிலும் கலை தரும் பெரும்பயன் அதுவே.